முகத்துக்குக் கேட்ட பூ

லேசர் செய்துகொண்ட பிறகு என் முகம் மாறியதா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியப்பா மகள் நான் மெலிந்துவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, புதுக் கம்மலா என்று கேட்டாள். பழைய கம்மல்தான். தினமும் நான் ஏறுகிற பஸ்சின் கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அவர் எதற்குச் சொல்லப்போகிறார். ஆனாலும் சொல்வாரோ என்று ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கு அம்மை போட்டது 2004-இல், பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்த பங்குனி மாதத்தில். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வயலும் காற்றாலையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற இடம். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அடுப்படியில் தாளிப்பு நின்றது. நிலைக்கண்ணாடிக்குப் பழைய வேட்டியைப் போர்த்தினார்கள். பார்க்க வந்தவர்கள் நடையோடு நின்று, "அம்மன் வந்திருக்காளா?" என்று ஏதோ விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்திருப்பது நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. முத்தாரம்மன் முத்துப் போட்டிருக்கிறாள் என்றார்கள். முத்து என்று பெயர் வைத்துவிட்டால் அரிக்காமல் இருக்குமா? அரித்தது. நான் சொறிந்தேன்.

எனக்கு முதல் தண்ணீர் ஊற்றிய அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சின்ன வயதில் அவளுக்கு அம்மை வந்ததே இல்லையாம். பெரியவர்களுக்கு வந்தால் கொஞ்சம் பொல்லாததாகத்தான் வரும். நான் எழுந்து உட்கார்ந்த பாயில் அவள் படுத்தாள். எனக்கு அவள் வேப்பங்கொழுந்தால் தடவிக்கொடுத்ததைப்போல அவளுக்கு நான் தடவிக்கொடுத்தேன். அப்பா கஞ்சி வைத்தார். ஒரு நாள் உப்புக் கரிக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் குடித்தோம்.

இறங்கிப் போகும்போது அம்மன் என் இடது கன்னத்திலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் குழிகளை விட்டுவிட்டுப் போனாள். அம்மாவுக்கும் விட்டுவிட்டுப் போனாள். ஆனால் வீட்டுக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துத்தான் உச்சுக்கொட்டியது. "பொம்பளப் பிள்ளைக்க மூஞ்சியில்லா" என்றார்கள். செஞ்சந்தனம் உரைத்துப் போடச் சொன்னார்கள், இளநீரில் கழுவச் சொன்னார்கள், கசகசாவை அரைத்துப் பூசச் சொன்னார்கள். சொன்ன எல்லாவற்றையும் அம்மா எனக்குப் பூசினாள். குழிகள் அதையெல்லாம் வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தன.

பிறகு கல்லூரி முடித்தேன். தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அதற்காக நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனுஷன், கேட்காமலே என் முகத்தை உரித்த முட்டையாக ஆக்கிக் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துப் பெண் பார்க்க வந்தவர்கள், நான் காப்பித் தட்டோடு வந்து நின்ற பிறகும், படத்திலிருக்கிற பெண் எங்கே என்று உள்அறையை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஸ்டூடியோக்காரர் மேலா, வந்தவர்கள் மேலா, கோயிலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அந்த அம்மன் மேலா?

2012-ஆம் வருஷம், கேபிள் டிவியில் நாடகத்துக்கு அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தபோது, நாகர்கோவிலில் லேசர் முறையில் தழும்புகளுக்கு நவீன சிகிச்சை என்று ஒரு வரி ஓடியது. நான் பார்த்தேன். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் பார்த்தாள். மறுநாள் அந்த வரி ஓடும்போது அம்மாதான், "ஒருக்கா போயிக் கேட்டா என்ன மக்கா?" என்றாள்.

டாக்டர் ஒரு பெண். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. என் கன்னத்தில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "முழுக்கப் போவும்ணு நான் சொல்ல மாட்டேன், கேட்டியளா? தழும்பு இருக்கும். அது வெளியில தெரியுதது குறையும்" என்றார்.

அங்கேதான் என் குழப்பம் ஆரம்பித்தது. தழும்பு இருக்கும், ஆனால் தெரிவது குறையும். யாருக்குத் தெரிவது? எனக்கா, என்னைப் பார்க்கிறவர்களுக்கா? இருக்கிற ஒன்று தெரியாமல் போனால் அது இருக்கிறதா இல்லையா? இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டால் மனநல டாக்டரிடம் அனுப்பிவிடுவாரோ என்று சும்மா தலையாட்டினேன்.

"எப்பிடிச் செய்வீங்க டாக்டரே?" என்று அம்மா கேட்டாள்.

"குழி இருக்குத இடத்தில லேசரால சின்னச் சின்னதாத் துளை போடுவோம். கண்ணுக்கே தெரியாத துளை. அந்தப் புண்ணு ஆறும்போ உள்ளேருந்து புதுத் தோலு வளரும். குழி கொஞ்சம் மேல வரும். மாசத்துக்கு ஒருக்கா, நாலஞ்சு தடவை செய்யணும்."

"புண்ணு போட்டுத்தான் புண்ணை மாத்தணுமா?"

"அதேதான். ஆனா நம்ம மாநிறத் தோலுக்குச் சூடு கூடிப்போனா கறுத்துரும். அதனால பையப் பையத்தான் செய்வோம். பயந்து பேடிக்காண்டாம். வெயிலு மட்டும் படவே கூடாது."

அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். பிறகு, "இது எத்தன வயசு வரைக்கும் செய்யலாம்?" என்றாள்.

"வயசொண்ணும் கிடையாது. தோலுதானே."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்துநாலு வயதுக்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? கல்யாணச் சந்தையில் எனக்கு வயது ஏறிவிட்டதை டாக்டருக்கும் அறிவித்தாயிற்று என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒட்டிய ஆல்பம் ஒன்றை டாக்டர் கொடுத்தார். அதை நான் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். அம்மா மடியில் வைத்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். கடைசியிலிருந்து மறுபடியும் பார்த்தாள். பஸ் போய்விடும் என்று நான்தான் அவளை எழுப்பிக் கூட்டிவந்தேன்.

செலவுக்கு என் சம்பளம் இருந்தது. தடையாக வந்து நின்றவர் அப்பா. அப்பா கொஞ்சம் வயலும் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலையும் பார்த்தவர். டாக்டர், மருந்து, ஊசி எதற்கும் எதிரி அல்ல. லேசர் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன், புரிந்துகொண்டார். எல்லாம் கேட்ட பிறகு, "நல்ல விசயந்தான். ஆனா அது அவ போட்டதில்லா? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்பிடி எடுக்க?" என்றார்.

"எப்பா, அது கிருமியால வாறது" என்றேன்.

"நான் இல்லைன்னா சொல்லுகேன்? கிருமியைக் கொண்டுவந்தது அவ."

நான் படித்த கம்ப்யூட்டரில் இதற்குப் பதில் இல்லை. ஒருவர் உன் சுவரில் ஒரு படம் மாட்டிவிட்டுப் போனால், கழற்றுவதற்கு முன் மாட்டியவரிடம் கேட்பது மரியாதை என்கிற கணக்கில் அவர் பேசினார். அது என் சுவர் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் பாதி நானும் நம்பினேன் என்பதுதான் விஷயம். அம்மன் போட்டதை அழித்து, அவள் கோபித்துக்கொண்டு இன்னொருமுறை வந்தால்? ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். நான் படித்தவளா பட்டிக்காட்டுக்காரியா, எந்தப் பக்கத்தில் நிற்பது என்றே விளங்கவில்லை.

ஆகவே பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயிலில் அது வழக்கம். ஒரு சிவப்பு அரளிப்பூ, ஒரு வெள்ளை அரளிப்பூ. இரண்டையும் ஒரே அளவு வாழையிலைத் துண்டுகளில் வைத்து மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடவேண்டும். கேட்க வந்ததை மனதுக்குள் கேட்கவேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் அது கேள்வி இல்லை, பேச்சாகிவிடும் என்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுப்பார். எங்கள் கோயிலில் சிவப்பு வந்தால் உத்தரவு. வெள்ளை வந்தால் வேண்டாம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் இதைச் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போனோம். தோவாளைச் சந்தையிலிருந்து அப்பாவே பூ வாங்கி வந்திருந்தார். இரண்டும் ஒரே பருமன்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். "நல்லா நெனச்சுக்கிடுங்க" என்றார். யார் நினைக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அப்பா கண்ணை மூடினார். அம்மாவும் மூடினாள். நானும் மூடினேன்.

செய்யலாமா என்றுதான் நான் கேட்டிருக்கவேண்டும். ஆனால் கண்ணை மூடியதும், உத்தரவைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை என்பது தெரிந்துபோயிற்று. போகுமா, என் முகம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்றுதான் கேட்டேன்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

அப்பாவின் தோள்கள் இறங்கின. "உத்தரவாயிட்டு" என்று சொல்லி விழுந்து கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் குதிக்கவேண்டும்போல இருந்தது. அம்மா மட்டும் கண்ணைத் திறந்து அந்தப் பூவைப் பார்த்தாள், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. லேசரை நினைத்துப் பயப்படுகிறாள் என்று எண்ணி, "பயமாட்டு இருக்கா எம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? ஒனக்கு உத்தரவு ஆச்சில்லா. போயிட்டு வா" என்றாள்.

ஆனி மாதம் முதல்முறை போனேன். முகம் முழுக்க மரத்துப்போகிற களிம்பைப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக்கை ஒட்டி ஒரு மணிநேரம் உட்காரவைத்தார்கள். வரவேற்பறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் மூடிவைத்த பாயசப் பாத்திரம் ஞாபகம் வந்தது. பிறகு உள்ளே படுக்கவைத்துக் கண்ணுக்கு மூடி போட்டார்கள். டக் டக் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சூட்டுத் துளி. கூடவே ஒரு குழாய் குளிர்ந்த காற்றை ஊதியது. வலியைவிட என்னைக் கலக்கியது வாசனைதான். முடி கருகுகிற வாசனை. அது என் முகத்திலிருந்து வருகிறது என்பதை நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண் மூடியிருந்த இருட்டில், இப்போது போய்க்கொண்டிருப்பது எது, அம்மன் போட்டதா, என்னுடையதா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் முகம் வீங்கிச் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் காப்பித்தூளைத் தூவியதுபோலப் பழுப்புப் பொடிப் பொடியாகப் பொருக்கு கட்டியது. என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தை நடையிலேயே நின்று, "மறுபடியும் அம்மனா?" என்றாள். ஆமாம் என்பதா இல்லை என்பதா?

வெயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றித் தெரியாமல் சொன்னது. ஆனி ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் குடை பிடிப்பதும் ஒன்று, குடையை எறிவதும் ஒன்று. பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் குடை மேல்நோக்கி மலர்ந்துவிடும். கடைசியில் துப்பட்டாவால் முகத்தைக் கண் தவிர மூடிக்கட்டிக்கொண்டு நடந்தேன். முகத்தைக் காட்டுவதற்காக முகத்தை மூடிக்கொண்டு அந்த வருஷத்தில் பாதி போயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கொள்ளைக்கார டீச்சர் என்றார்கள். கண்டிக்க நினைத்தேன், பெயர் பொருத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

வெயிலுக்குப் பூச ஒரு கிரீம் கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு வரும் என்றார்கள். எனக்கு ஒரு மாதத்தில் தீர்ந்தது. "நெறையப் போடுதீங்க போல. பயறு அளவு போதும்" என்று மருந்துக்கடைப் பெண் சொன்னாள். நான் பயறளவுதான் போட்டேன். அப்படியும் அடுத்த டியூபும் ஒரு மாதத்தில் தீர்ந்தது. என் பயறு பெரிய பயறுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு முறை பொருக்கு உதிர்ந்த பிறகும் அம்மா என்னை ஜன்னலுக்கு அருகே கொண்டுபோய், தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்புவாள். ஒவ்வொரு குழியாக விரலால் தொட்டுப் பார்ப்பாள். மற்றவர்கள் பார்ப்பதுபோல இருக்காது அந்தப் பார்வை. சந்தையில் துணியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறவளின் பார்வை.

"மாறிச்சா எம்மா?"

"மாறுகு மக்கா. இந்தா, இந்தக் குழி நெரவிருக்கு பாரு."

எனக்குத் தெரியவில்லை. டாக்டர் தன் கணினியில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் நான் உம்மென்று இருந்தேன், கடைசிப் படத்தில் லேசாகச் சிரித்தேன். குழி குறைந்தது சிகிச்சையாலா சிரிப்பாலா என்று எனக்குப் பிடிபடவில்லை. காலையில் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் போய்விட்டதுபோல இருக்கும். மாலையில் பஸ் ஜன்னல் கண்ணாடியில் எல்லாம் திரும்பி வந்திருக்கும்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் தயக்கத்தோடு அவரிடம் தழும்பைப் பற்றிக் கேட்டேன். "எந்தத் தழும்பு?" என்றார். அது நல்ல பதிலா, இல்லை என் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்காத ஆளின் பதிலா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சந்தோஷப்படுவது என்று முடிவு செய்தேன். அம்மன் எனக்குச் சொன்னது பலித்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன்.

2016-இல் மழை ஏமாற்றியது. எங்கள் தென்னந்தோப்பில் கிணறு வற்றிவிட்டது. தோப்பின் மூலையில் போர் போடலாமா என்று அப்பாவுக்கு யோசனை. போட்டுத் தண்ணீர் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்திருந்த நேரம். கொடை முடிந்த மறுநாள் சாயங்காலம் பூக்கட்டிப் பார்ப்போம் என்று அப்பா கிளம்பினார். நானும் அம்மாவும் கூடப் போனோம்.

பூசாரி பொட்டலங்களைக் கட்டத் தொடங்கியதும் அம்மா மெதுவாகப் பின்வாங்கி, கொட்டகைத் தூண் அருகே போய் நின்றுகொண்டாள்.

"என்னட்டி, அங்கன போயி நிக்க? இங்க வா" என்றார் அப்பா.

"நீங்க கேளுங்க. நான் இங்கன நிண்ணுக்கிடுகேன்."

"என்னத்துக்கு?"

"நான் பக்கத்தில நிண்ணா எனக்க மனசு சும்மா கெடக்காது. போன தடவை மாதிரி ஆயிரும்."

"போன தடவை என்ன ஆச்சு? நல்ல உத்தரவுல்லா வந்துது."

அம்மா தூணில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள்.

"நீங்க இவளுக்குக் கேட்டிய. நான் எனக்குல்லா கேட்டேன்."

"ஒனக்கா? ஒனக்கு என்னத்தைக் கேட்ட?"

"இவளுக்குச் செய்யுதது போல எனக்கும் செஞ்சுக்கிடலாமான்னு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த முகம். கன்னம் இரண்டிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் குழிகள். என்னுடையதைவிட அதிகம், என்னுடையதைவிட ஆழம். இது எனக்குத் தெரியாததா? அதே பாயில் படுத்து எழுந்தவள் அல்லவா? அது அம்மாவின் முகம், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். அவளுக்கும் கண்ணாடி இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வயது வரம்பு கேட்டது அவளுக்காக. ஆல்பத்தைப் பின்னாலிருந்து பார்த்தது அவளுக்காக. அந்தக் கிரீம்.

"அந்தக் கிரீமையும் நீதான் போட்டியா?" என்றேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"கொஞ்சம்போலத்தான் எடுத்தேன்" என்றாள்.

அப்பா போரை மறந்துவிட்டார். "கேட்டது சரி. செவப்புல்லா வந்துது? பெறவு என்னத்துக்கு வாயை மூடிட்டு இருந்த?"

"செவப்பு வந்ததாலதான்."

அம்மா பிறந்தது இரணியல் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை வருஷமான பிறகும், தேங்காய் அரைப்பதிலிருந்து திருநீறு பூசுவதுவரை அவள் வீட்டு வழக்கம் ஒன்று, எங்கள் வழக்கம் ஒன்றுதான். அவள் ஊர் அம்மன் கோயிலில் வெள்ளைப்பூ வந்தால்தான் உத்தரவாம். சிவப்பு என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம்.

"இங்கத்த வழக்கம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா கண்ணை மூடிக் கேக்கும்ப சின்னதில கேட்ட மாதிரித்தான் வந்துது. வெள்ளை வந்தா எனக்கும் உண்டு, செவப்புன்னா எனக்கு வேண்டாம்ணு சொல்லிக் கேட்டுட்டேன். செவப்பு வந்துது. இவளுக்கு உண்டு, எனக்கு இல்லன்னு எடுத்துக்கிட்டேன். ஒரே பூவில அம்மன் ரெண்டு பேருக்கும் பதிலு சொல்லிட்டான்னு நெனச்சேன்."

அப்பா பூசாரியைப் பார்த்தார். "ஓய், இந்தக் கோயில்ல நிண்ணு வேற ஊரு வழக்கத்தில கேட்டா, இந்த அம்மன் எப்பிடிப் பதிலு சொல்லுவா?"

பூசாரி கையில் வாழைநாரோடு விழித்தார். "எனக்கு எடுக்கத்தான் தெரியும்" என்றார்.

"இங்க இருக்கது இந்த ஊருக்காரி. அவளுக்குச் செவப்புதான உத்தரவு? அப்ப அவ உண்டுன்னுல்லா சொல்லியிருக்கா?"

"இல்லப்பா. அம்மா வெள்ளைன்னு சொல்லித்தான கேட்டிருக்கா. கேக்குதவ சொன்னபடிதான பதில் வரும்?" என்றேன் நான்.

"அப்ப எனக்கு வந்த செவப்பு?" என்றார் அப்பா.

"நானும்தான் கேட்டேன். நான் வேற ஒண்ணு கேட்டேன்" என்றேன்.

அப்பா என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பூவுக்கு மூன்று கேள்வி. வந்த பதில் யாருக்கு என்று அந்த இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கிடைத்த உத்தரவு என்னுடையதுதானா, அம்மாவின் பங்கை எடுத்துக்கொண்டு நான் போய்ப் படுத்தேனா? எனக்கு வந்தது அழுகையா கோபமா என்றும் சொல்லத் தெரியவில்லை. நான்கு வருஷமாக ஒரு மறுப்பை மடியில் கட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு "மாறுகு மக்கா" என்று சொல்லியிருக்கிறாள்.

நாங்கள் தர்க்கம் பண்ணுவதை அம்மா தூணடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்திருக்கிறது. மெதுவாக இரண்டெட்டு முன்னால் வந்தாள்.

"அப்பம், எனக்கும் உண்டுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா வாங்கி வந்திருந்த இரண்டு அரளிப்பூவும் பூசாரியின் தட்டில் கட்டப்படாமல் கிடந்தன. வேண்டுமானால் மறுபடி கட்டிப் பார்க்கலாம் என்று பூசாரி இழுத்தார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, உண்டு என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு நெசமாட்டு மாறிச்சா? எனக்காகச் சொல்லாண்டாம். உள்ளதைச் சொல்லு."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மை எது என்றும் தெரியவில்லை. "தெரியல்ல எம்மா. கொஞ்சம் மாறியிருக்கும். கொஞ்சந்தான்" என்றேன்.

"கொஞ்சம் போதும்" என்றாள்.

வீட்டுக்கு நடந்தோம். போர் போடுவதைப் பற்றி அப்பா பேசவே இல்லை. மலைக்குப் பின்னால் சூரியன் எப்போதோ இறங்கியிருந்தது, காற்றாலைகளின் இறக்கைகள்கூட மங்கலாகத்தான் தெரிந்தன. எனக்கு முன்னால் போன அம்மா, சேலைத் தலைப்பை இழுத்துக் கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றி மூடிக்கொண்டு நடந்தாள்.